கரையோரக் காற்றும் காற்றாலைக் கணக்கும்



ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காற்றாலைப் பொறியாளரிடம் இந்தப் பழமொழியைச் சொன்னால், ரசித்துவிட்டு உடனே கேள்வி கேட்பார்: எந்த ஊரில்? எத்தனை மணிக்கு? தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில்? இன்றைய பேச்சு இந்தக் கேள்விகளைச் சுற்றியதுதான். கடலோரத்தை வைத்துக் கேட்கப் போகிறேன். காரணம், இவற்றுக்கு ஒரே விடை சொல்ல முடியாத இடம் கடலோரம். கரையில் போய் நின்றால் எந்நேரமும் காற்று முகத்தில் அடிக்கிறது. அங்கே காற்றாலை நட்டால் மின்சாரம் கொட்டும் என்று எவருக்கும் தோன்றும். நம் நாட்டில் அப்படித்தான் தொடங்கினார்கள். அந்தக் கதைக்குப் போகுமுன் கொஞ்சம் கணக்குப் போட்டுக்கொள்வோம்.

காற்றிலுள்ள திறன் அதன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. மன்னார் தீவில் இலங்கை மின்சார சபை நிறுவியிருக்கும் காற்றாலைகளில் இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 126 மீட்டர். அதாவது ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பை அது காற்றில் துழாவுகிறது. நம் வெப்பநிலையில் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றிலிருந்து அத்தகைய பொறி சுமார் 700 கிலோவாட் எடுக்கலாம். காற்று 8 மீட்டர் ஆனால் 1,650 கிலோவாட். கரையில் நிற்கும் நமக்கு இந்த இரண்டு மீட்டர் வித்தியாசம் சட்டென்று தெரியாது. சட்டை கொஞ்சம் கூடுதலாகப் படபடக்கும், அவ்வளவுதான். மின்சாரமோ இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. காற்றிலுள்ள ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தப் பொறியாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். நல்ல பொறிகள் இப்போது 45 விழுக்காட்டை ஒட்டி எடுக்கின்றன. ஆக, இறக்கையின் வடிவத்தை இழைத்து இழைத்துத் திருத்துவதால் இனிக் கிடைக்கப்போவது கொஞ்சம்தான். இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் கிடைப்பது நிறைய.

இந்த மும்மடிக் கணக்கு ஒரு வம்பையும் கூட்டிவருகிறது. ஓர் ஊரில் ஆண்டு முழுவதும் இம்மி மாறாமல் நொடிக்கு 6 மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னோர் ஊரில் பாதி நேரம் 3, பாதி நேரம் 9. இரண்டுக்கும் சராசரி 6. ஆனால் மும்மடி எடுத்துப் பாருங்கள்: முதல் ஊருக்கு 216, இரண்டாம் ஊருக்கு 27ஐயும் 729ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 378. சராசரி ஒன்றாக இருக்கும் இரண்டு ஊர்களில் ஆற்றல் முக்கால் மடங்கு வேறுபடுகிறது. அதற்காக வெறிகொண்டு வீசும் ஊர் எப்போதும் மேல் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பொறி நொடிக்கு 3 மீட்டரில் சுற்றத் தொடங்கி, 12 மீட்டரை ஒட்டி முழுத்திறனைத் தொட்டு, அதன்பின் எவ்வளவு காற்று வந்தாலும் அதே அளவைத்தான் தரும். வழக்கமாக 25 மீட்டரைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஆகவே ஒரு கடலோரத்தின் ஆண்டுச் சராசரி வேகம் என்ன என்று கேட்டு முடிவெடுப்பவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். எந்த வேகம் எத்தனை மணி நேரம் நிலைக்கிறது என்பதே மீதிக் கேள்வி.

கடலுக்குப் போகும் மீனவர்களிடம் சராசரி என்ற பேச்சே கிடையாது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று திசையும் பருவமும் சேர்ந்த கணக்கு அவர்களுடையது. அதைப் பொறியாளர்கள் காது கொடுத்துக் கேட்டது குறைவு.

இனி கதை. 1986இல் நம் நாட்டின் முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணைகள் எழுந்தன. குஜராத்தில் ஓகா, மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி, தமிழ்நாட்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காடு. வரைபடத்தை விரித்துப் பாருங்கள், எல்லாம் கடலோரம். அன்றைய பொறிகளின் திறன் சில பத்துக் கிலோவாட்டுகள்தான். இன்றைய ஒரு பொறிக்கு ஈடுகட்ட அவற்றில் ஐம்பது, அறுபது வேண்டியிருக்கும். அடுத்த பத்தாண்டுக்குள் தமிழ்நாட்டுக் காற்றாலைத் தொழில் கரையை விட்டு உள்ளே நகர்ந்தது: ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, தென்காசி, சுரண்டைப் பக்கம், மேற்கே உடுமலை, பல்லடம் வட்டாரம். இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கும் நம் மாநிலத்தின் காற்றாலைத் திறனில் பெரும்பகுதி இந்த ஊர்களில்தான் இருக்கிறது. கடற்கரையைக் காற்று ஏமாற்றிவிட்டதா?

இல்லை. நாம் கடற்காற்றைத் தேடிய இடம்தான் மாறிப்போனது. தென்மேற்குப் பருவத்தில் இந்தியப் பெருங்கடலின் தெற்குப் பாதியிலிருந்து கிளம்பும் காற்று, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி நிலநடுக்கோட்டைக் கடந்து, சோமாலியாவுக்கு அருகே திரும்பி, அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து நம்மிடம் வருகிறது. தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி அதன் வேகம் மிகுதி. இந்தத் தாழ்நிலைக் காற்றோட்டத்தை 1969இல் ஃபிண்ட்லேட்டர் என்ற ஆங்கிலேய வானிலையாளர் விரிவாக எழுதினார். இன்றும் அவர் பெயரால் அதைக் குறிப்பிடுவதுண்டு. இப்படி வரும் காற்றுக்குக் குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மலை விட்டுக்கொடுக்கும் இடங்கள் சில: முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய், அதைவிடக் குறுகலான செங்கோட்டைக் கணவாய், தெற்கு ஓரத்தில் ஆரல்வாய்மொழி. மலைக்கு மேற்கே அழுத்தம் கூடுதல். கிழக்கே வெயிலில் காய்ந்த சமவெளியில் அழுத்தம் குறைவு. இடையில் ஒரு வாசல். காற்று அதன் வழியே விரைந்து புகுந்து, வெளியேறிய பிறகும் பல கிலோமீட்டருக்கு அந்த வேகத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. முப்பந்தலில் இறக்கைகளைச் சுற்றுவது அரபிக்கடலின் காற்று. தூத்துக்குடிக் கரைக்கு அதே காற்று வந்து சேரும்போது நிலத்தின் மீது விரிந்து, உராய்ந்து, மந்தப்பட்டுவிடுகிறது.

குஜராத்தில் இந்தச் சங்கடம் இல்லை. சௌராஷ்டிரக் கரை தென்மேற்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பருவக்காற்று கடலிலிருந்து நேராக வந்து அதில் மோதுகிறது. அதனால் அங்கே கரையோரக் காற்றாலைகள் வேரூன்றின. ஒரே பருவம், ஒரே காற்று. கரை எந்தத் திசையைப் பார்க்கிறது, நடுவில் மலை இருக்கிறதா என்பதைப் பொறுத்து விளைச்சல் மாறுகிறது. கடற்கரை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மேலே பேசுவது ஆபத்து.

இடத்துக்கு இடம் மாறும் இந்தக் காற்றை முதலில் முறையாக அளக்க முற்பட்டவர்களில் முன்வரிசையில் நிற்பவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். சர் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் தொடங்கி, இந்திய வானிலைத் துறையில் அளவைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யும் வழியைக் கட்டியெழுப்பி, 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் பெங்களூரில் இருந்தபடி நாட்டின் சூரிய ஒளியையும் காற்றையும் அளந்து தொகுத்தார். காற்றுத் தரவுத் தொகுதி 1983இல் வந்தது. பழைய வானிலை நிலையங்களின் அளவுகள் மழை, புயல் அறிவிப்புக்காக எடுக்கப்பட்டவை. பத்து மீட்டர்க் கம்பத்தில் காற்றுமானி. நாற்பதாண்டில் அதைச் சுற்றி வேம்பும் மாடிவீடும் வளர்ந்திருக்கும். அந்த எண்களை வைத்துக் காற்றாலைக்கு இடம் பார்க்க முடியாது, அதற்கென்றே கம்பம் நட்டு அளக்க வேண்டும் என்ற பழக்கம் இந்த நாட்டில் ஊன்றியதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். 1998இல் சென்னையில் தொடங்கிய காற்றாற்றல் மையம், இன்றைய தேசியக் காற்றாற்றல் நிறுவனம், அந்த வேலையைத் தொடர்கிறது. அதன் பொறிச் சோதனை நிலையம் கயத்தாற்றில் இருக்கிறது.

இப்போது கிழக்குக் கரைக்கே போவோம். சென்னைக்காரர்களுக்கு மே மாதத்தில் ஒரே கவலை: இன்று கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும்? பதினொரு மணிக்கு வந்தால் பிழைத்தோம். இரண்டு மணிவரை வராவிட்டால் வெயில் நாற்பதைத் தாண்டிவிடும். இந்தக் கவலைக்குள் காற்றாலைப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பகலில் நிலம் சூடேறி அதன்மேலுள்ள காற்று எழும்புகிறது. கடல்மேல் குளிர்ந்திருக்கும் காற்று அந்த இடத்துக்கு வருகிறது. ஆனால் மே முதல் ஆகஸ்டுவரை மேற்கிலிருந்தும் பருவக்காற்று நிலத்தைக் கடந்து கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. இரண்டும் எதிரெதிர். மேற்குக் காற்று வலுத்த நாளில் கடற்காற்று கரைக்கு வெளியிலேயே நின்றுவிடும். தளர்ந்த நாளில் உள்ளே பாயும். இரண்டும் சமபலத்தில் மோதும் இடத்தில் காற்றே இருக்காது. கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் நிற்கும் காற்றாலைக்கு மிக மோசமான வேளை அதுதான்: மேலே மேகம் ஓடுகிறது, கீழே இறக்கை அசையவில்லை. மேற்குக் கரையில் இப்படியில்லை. அங்கே பருவக்காற்றும் கடற்காற்றும் ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்து வருவதால் ஒன்றுக்கு மற்றொன்று கைகொடுக்கும்.

கடற்காற்று உள்ளே நுழையும் கணத்தில் வேகத்தோடு திசையும் மாறுகிறது. மேற்கிலிருந்து வீசியது சில நிமிடங்களில் கிழக்கிலிருந்து வீசும். காற்றாலையின் தலைப்பகுதி காற்றைப் பார்த்துத் திரும்ப வேண்டும். நூறு டன் எடையைக் கோபுர உச்சியில் வைத்துக்கொண்டு அவசரமாகத் திரும்ப முடியாது. நொடிக்கு அரைப் பாகைக்கும் குறைவாகத்தான் நகரும். முழுதாக எதிர்ப்பக்கம் திரும்ப ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை விளைச்சல் இல்லை, இறக்கைகளின் அடியில் தாறுமாறான சுமை வேறு. தினமும் இரண்டு முறை இப்படித் திரும்பும் பொறியின் திருப்பு மோட்டாரும் பற்சக்கரங்களும், ஐந்து மாதம் ஒரே திசையைப் பார்த்து நிற்கும் முப்பந்தல் பொறியினுடையதைவிட விரைவில் தேயும். வேகத்தை மட்டும் அளந்து போட்ட விளைச்சல் மதிப்பீட்டில் இந்தத் தேய்மானம் எங்கும் தெரியாது.

உயரத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

தரை காற்றைப் பிடித்து இழுக்கிறது. மேலே போகப் போகப் பிடி தளர்ந்து வேகம் கூடுகிறது. திறந்த நிலத்தில் உயரத்தின் ஏழில் ஒரு பங்கு அடுக்குக்கு ஏற்ப வேகம் கூடும் என்பது பழைய கணக்கு. 30 மீட்டரிலிருந்து 120 மீட்டருக்கு உயர்த்தினால் வேகம் 22 விழுக்காடு கூடும், திறன் 80 விழுக்காடு கூடும். தொண்ணூறுகளில் முப்பது மீட்டர்க் கோபுரத்தில் நட்ட சிறிய பொறிகளைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் பெரியவற்றை நட வேண்டும் என்று இன்று பேசப்படுவதற்கு ஒரு காரணம் இந்த எண்பது விழுக்காடு. தமிழ்நாடு அரசு 2024இல் இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. கடல் வழவழப்பானது; அதன் பிடி குறைவு. அங்கே அதே உயர்த்தலுக்குத் திறன் ஐம்பது விழுக்காட்டை ஒட்டித்தான் கூடும். கடல்மேல் கீழேயே நல்ல காற்று கிடைத்துவிடுவதால் உயரத்துக்குக் கொட்டும் பணத்துக்குப் பலன் குறைவு.

கரை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது; தொல்லையும் அங்கேதான். கடலின் வழவழப்புக்குப் பழகி வந்த காற்று, பனையும் உடைமரமும் வீடுகளும் நிறைந்த நிலத்தில் காலை வைக்கிறது. அந்தக் கணத்தில் முழுக் காற்றும் மாறிவிடுவதில்லை. கரையோரத்தில் தரையை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் நிலத்தின் குணத்துக்கு மாறுகிறது. உள்ளே போகப் போக அந்தப் படலம் தடித்துக்கொண்டே வரும். தோராயமாக, நூறு மீட்டர் உள்ளே போனால் பத்து மீட்டர் உயரம். ஒரு கிலோமீட்டர் போனால் நூறு மீட்டர் என்ற கணக்கில் அது ஏறும். பிறகு ஏற்றம் மெல்லத் தணியும். பகல் வெயிலில் குளிர்ந்த கடற்காற்று சூடான மணலின் மேல் வரும்போது படலம் இன்னும் விரைவாகத் தடிக்கிறது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தார் இதைப் பல ஆண்டுகளாக அளந்திருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை வேறு: புகைபோக்கியிலிருந்து வெளியேறுவது இந்தப் படலத்துக்குள் மாட்டிக்கொண்டால் தரைக்கு வந்துவிடும். அவர்களுடைய அளவுகள் காற்றாலைக்காரர்களுக்கும் பொக்கிஷம்.

ஏன் என்று சொல்கிறேன். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, நூறு மீட்டர்க் கோபுரத்தில், 126 மீட்டர் விட்டமுள்ள பொறி ஒன்று நிற்கிறது என்று கொள்ளுங்கள். இறக்கை நுனி கீழே 37 மீட்டரையும் மேலே 163 மீட்டரையும் தொட்டுச் சுற்றும். படலத்தின் விளிம்பு நூறு மீட்டரில். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் இறக்கையும் கீழ்ப்பாதியில் கொந்தளிக்கும் நிலக்காற்றிலும், மேற்பாதியில் சீராக ஓடும் கடற்காற்றிலும் போய் வருகிறது. நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, இருபது ஆண்டுக்கு. அடிப்பகுதிப் போல்ட்டுகளையும் தாங்கிகளையும் களைப்படையச் செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது. மையத்தில் ஒரே காற்றுமானியை வைத்து, இதுதான் பொறி பார்க்கும் வேகம் என்று சொன்னால் கணக்குப் பிசகும். ஐம்பது மீட்டர்க் கம்பத்தில் அளந்துவிட்டு, ஏழில் ஒரு பங்கு விதியால் நூற்றிருபது மீட்டருக்கு ஊகிப்பது இன்னும் மோசம். கம்பம் முழுதாகப் படலத்துக்குள் இருக்கிறது. பொறியோ பாதிக்குமேல் வெளியே இருக்கிறது. அந்த விதி ஒரே தரைக்குப் பழகிய காற்றுக்கு எழுதியது. கரையில் இரண்டு காற்று ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகிறது.

அப்படியானால் கரையை ஒட்டியே, அலை தொடும் இடத்தில் நட்டுவிட்டால்? மன்னார்த் தீவில் செய்தது ஏறக்குறைய அதுதான். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 பொறிகள், மொத்தம் 103.5 மெகாவாட், தீவின் தென்கரையை ஒட்டி நிற்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாவின் மீது தடையில்லாமல் வரும் காற்று அவற்றில் மோதுகிறது. இலங்கையின் நடுமலைக்கும் நம் தென்மலைக்கும் இடையிலுள்ள இந்தக் கடல்வழியே ஒரு கணவாய்போல வேலை செய்கிறது. வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கமிருந்து வரும் காற்று, சில கிலோமீட்டர் அகலமே உள்ள தீவைக் கடந்து பின்பக்கமாக வந்து சேர்கிறது. ஆக, ஆண்டுக்கு இரண்டு காற்றுக் காலம். நம் முப்பந்தலுக்கு இந்த இரண்டாவது போகம் மிகவும் மெலிவு.

கரையோரம் வரிசையாக நட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. காற்றாலைக்குப் பின்னால் வேகம் குறைந்து குழம்பிய காற்று ஒரு நிழலாக நீளும். அந்த நிழலில் அடுத்த பொறி நின்றால் அது பட்டினி கிடக்கும். கரைக்குச் செங்குத்தாகக் காற்று வரும் இடத்தில் ஒற்றை வரிசைக்கு நிழல் தொல்லை கிடையாது. டென்மார்க்கின் மேற்கே வடகடலில் 2002இல் எழுந்த ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையில் 80 பொறிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 2008 பிப்ரவரி 12 அன்று ஈரக்காற்றில் ஒவ்வொரு பொறியின் பின்னாலும் மூடுபனி வெண்வாலாக நீண்டதைப் படம் எடுத்தார்கள். பாடப்புத்தகங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே காற்று வரிசைக்கு நேராக வீசும் வேளையில் இரண்டாவது பொறியின் விளைச்சல் முதலாவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்துவிடும். நிலத்தில் கொந்தளிப்பு அதிகம் என்பதால் நிழல் விரைவில் கலைந்துபோகும். கடலில் காற்று சீராக ஓடுவதால் நிழலும் நெடுந்தூரம் கலையாமல் போகும். கடலின் நல்ல குணமே இங்கே எதிரியாகிவிடுகிறது. காற்று வரும் திசையில் ஏழு விட்டம், குறுக்கே ஐந்து விட்டம் இடைவெளி என்று நிலத்தில் பழகிய நம் கணக்கைக் கடலுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

உப்பையும் அழுக்கையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோபுரமும் போல்ட்டும் துருப்பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதற்குப் பூச்சு இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் படியும் உப்பும் தூசியும் கண்ணுக்குத் தெரியாமல் விளைச்சலைத் தின்னும். முன்விளிம்பு சொரசொரப்பானால் காற்றோட்டம் சீக்கிரம் பிரிந்துபோகும், தூக்குவிசை குறையும். பூச்சிகளும் இதைச் செய்யும். காற்று மந்தமான வேளையில் பறக்கும் பூச்சிகள் இறக்கையில் அடிபட்டு ஒட்டிக்கொண்டு, பிறகு பலத்த காற்று வரும்போது விளைச்சலைப் பாதியாகக்கூட ஆக்கிவிடும் என்று 2001இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மழை பெய்தால் இறக்கை கழுவப்படும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில். காற்று ஆனி, ஆடியில். விளைச்சல் காலம் முழுவதும் இறக்கை அழுக்கோடு சுற்றுகிறது. இதோடு வெப்பத்தையும் சேருங்கள். பொறிகளின் திறன் அட்டவணை ஒரு கன மீட்டர்க் காற்று 1.225 கிலோ என்று வைத்து எழுதப்படுகிறது. அது 15 பாகை வெப்பத்தில். நம் கரையில் 1.15ஐ ஒட்டித்தான் இருக்கும். ஈரம் மிகுந்தால் காற்று இன்னும் கொஞ்சம் இலேசாகும். ஈரக்காற்று கனமானது என்ற எண்ணம் தவறு. ஆக ஆறு விழுக்காடு அப்போதே போய்விட்டது. விற்பனைத் தாளைப் படிப்பவர்கள் முதலில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

புயல் தனிக் கணக்கு. பொறிகளைக் காற்றின் கடுமைக்கேற்ப வகுக்கும் பன்னாட்டுத் தரவிதியில் முதல் வகைக்கு நொடிக்கு 50 மீட்டர் பத்து நிமிடச் சராசரி என்பது தாங்கவேண்டிய எல்லை. மூன்றாம் வகைக்கு 37.5. வெப்பமண்டலப் புயல்களுக்கென்று 57 மீட்டர் வகை ஒன்றை 2019ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார்கள். பெரிய இறக்கையும் சிறிய மின்னாக்கியும் கொண்ட மூன்றாம் வகைப் பொறிதான் மெல்லிய காற்றுக்கு நல்ல விளைச்சல் தரும். நம் கிழக்குக் கரையில் பத்து மாதம் மெல்லிய காற்று, இரண்டு மாதம் கஜா, வர்தா போன்ற புயல்கள் வந்துபோகும் அபாயம். எந்த வகையை வாங்குவது? எளிய விடை இல்லை. 2003இல் ஜப்பானின் மியாகோ தீவை மேமி சூறாவளி தாக்கியபோது காற்றாலைகள் அடியோடு சாய்ந்தன. அதில் கவனிக்க வேண்டியது, கிரிட் மின்சாரம் போய்விட்டதால் பொறிகளால் காற்றைப் பார்த்துத் திரும்ப முடியாமல் போனது. பக்கவாட்டில் அடி வாங்கின. புயலில் முதலில் போவது மின்சாரம் என்பதை நம் கரையோர மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையைத் திருப்ப மட்டுமாவது தனி மின்கலம் வேண்டும்.

இனி வரப்போவது கடலுக்குள். 2015இல் மத்திய அரசு கடல்சார் காற்றாற்றல் கொள்கையை வகுத்தது. 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய் உதவித்தொகைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் உண்டு. நம் பங்குக்குக் குறிவைக்கப்பட்டிருப்பது மன்னார் வளைகுடா. இதை நான் வரவேற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கடல்மேல் காற்றுக்கு நாம் பெரிதும் நம்பியிருப்பது செயற்கைக்கோளை. அது காற்றை நேரடியாக அளப்பதில்லை. காற்று கடலின் மேற்பரப்பைச் சிலிர்க்கச் செய்வதைப் பார்த்து, பத்து மீட்டர் உயரத்து வேகத்தை ஊகிக்கிறது. கரைக்குப் பக்கத்தில் நிலமும் பார்வைக்குள் வந்துவிடுவதால் அதன் கண் மங்கும். கரையிலிருந்து முதல் இருபது முப்பது கிலோமீட்டரில், அதாவது நாம் பொறி நடப் போகும் இடத்தில், அதன் சொல்லை முழுதாக நம்ப முடியாது. மேலும் ஆனி, ஆடியில் குமரி முனையைச் சுற்றிய கடலில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும்புகிறது. அதன்மேல் நிலத்தில் காய்ந்து வரும் மேற்குக் காற்று ஓடினால், கனத்த குளிர்காற்று கடலோடு ஒட்டிக்கொள்ளும். மேலே ஓடும் வேகமான காற்று கீழே இறங்காது. அப்போது கடலின் முகம் அமைதியாகத் தெரியும், நூற்றைம்பது மீட்டரில் காற்று பாய்ந்துகொண்டிருக்கும். இதன் எதிர்நிலையும் நடக்கும். பத்து மீட்டரிலிருந்து நூற்றைம்பதுக்கு ஒரே விதியால் தாவினால் ஒரு மாதம் குறைத்தும் மறுமாதம் மிகுத்தும் சொல்வோம். லேசர் ஒளியால் உயரம் உயரமாக அளக்கும் லைடார் கருவியை மிதவையிலோ மேடையிலோ வைத்து, இரண்டு பருவமும் அடங்க இரண்டாண்டாவது அளந்த பிறகே அங்கே விலை பேச வேண்டும். அளவைக்குச் செலவாகும் தொகை பண்ணையின் செலவில் ஒரு துளி. வேகத்தில் பத்து விழுக்காடு பிசகினால் ஆற்றலில் முப்பது விழுக்காடு பிசகும்.

விளைச்சலின் நேரமும் முக்கியம். சூரிய மின்சாரம் நண்பகலில் மலிந்து கிடக்கிறது. தட்டுப்பாடு மாலை ஆறிலிருந்து பத்துவரை. கரையோரக் கடற்காற்று பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு உச்சம் தொட்டு, பொழுது சாயும்போது தளர்ந்துவிடும். சூரியன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தானும் கொடுத்து, தேவைப்படும்போது ஒதுங்கிக்கொள்கிறது. பருவக்காற்று இரவிலும் விடாது. ஆகவே கடற்காற்றை மட்டும் நம்பி நிற்கும் பொறியின் ஒரு யூனிட்டையும், கணவாயிலோ நடுக்கடலிலோ நிற்கும் பொறியின் ஒரு யூனிட்டையும் ஒரே விலையில் வைத்து ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை தந்துவிட்டு அமர்கிறேன். காற்றுமானி வாங்கித் தருவதாகக் கல்லூரி நிர்வாகம் சொல்லியிருக்கிறது. அதை மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள். கட்டடம் காற்றைக் கிளப்பி மேலே தள்ளும், கருவி பொய் சொல்லும். மைதானத்தின் தென்மேற்கு மூலையில், மரங்களின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளி, கம்பம் நடுங்கள். ஒன்றுக்கு மூன்று உயரங்களில் கருவி வையுங்கள், திசைகாட்டியை மறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு எடுங்கள். சித்திரையில் தொடங்கினால் அடுத்த சித்திரைவரை, தேர்வு விடுமுறையிலும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தரவைக் கொண்டுவாருங்கள், அடுத்த ஆண்டு இதே மேடையில் அதைப் பற்றி உங்களில் ஒருவர் பேசட்டும்.